தீப்பொறி தந்தவர்: ரோபர்ட் போஷ்

ஆண்டுதோறும் நம் சங்க இதழில் மறைந்த பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். பழைய இதழ்களைப் புரட்டினால் பாரதியார் இருக்கிறார், தனிநாயகம் அடிகளார் இருக்கிறார், கோ. சாரங்கபாணி இருக்கிறார். இவ்வாண்டு அந்தப் பக்கங்கள் என்னிடம் ஒப்படைக்கப்பட்டபோது நான் ஒரு ஜெர்மானியரின் பெயரைச் சொன்னேன். ஆசிரியர் குழுத் தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கவிஞரா என்று கேட்டார். இல்லை அக்கா, காருக்குப் பிளக் செய்தவர் என்றேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, எழுதிக் கொண்டு வா, பார்க்கலாம் என்றார்கள். அப்படித்தான் இக்கட்டுரை பிறந்தது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா தவறி ஓராண்டு ஆகிறது. அவர் விட்டுச் சென்றவற்றுள் பெரியது அவருடைய பழைய கார். 1992-இல் வாங்கியது, என்னைவிடப் பதினொரு வயது மூத்தது. கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள அந்தக் காலத்து இஞ்சின். நான் பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். தமிழ்ப்பள்ளிக்கு முதல் நாள் போனதும் அதில்தான். சென்ற பருவ விடுமுறைக்குச் சுங்கை பட்டாணிக்குத் திரும்பியபோது அது சரியாக ஓடவில்லை. நிறுத்தி வைத்தால் குளிர் காய்ச்சல் வந்தவரைப்போல் உடம்பு முழுக்க நடுங்கும். மேடேறும்போது வெட்டி வெட்டி இழுக்கும். மழை பெய்த காலையில் இன்னும் மோசம். புகைக்குழாயில் பச்சைப் பெட்ரோல் வாசம் வரும்.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்தவர் பானட்டைத் திறந்தார். இரண்டு நிமிடம் கேட்டார். இஞ்சின் முடிந்துவிட்டது, ஓவர்ஹால் செய்ய மூவாயிரம் ரிங்கிட் ஆகும், அதற்குப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லி மூடிவிட்டார். மூவாயிரம் எங்களிடம் இல்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் காரின் முன்பக்கத்தில் அப்பா ஒட்டி வைத்திருந்த சிறிய முருகன் சிலையை எடுத்து, துடைத்து, சாமி மாடத்தில் வைத்தார். கார் போகப்போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் தாய்மாமா பழைய காலத்து போர்மேன். நம் நாட்டில் கார் பழுது பார்ப்பவரை ஏன் போர்மேன் என்கிறோம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித்தான் சொல்கிறோம். தகரக் கூரையின்கீழ் தனியாகத் தொழில் செய்கிறார். சேதி கேட்டு ஒரு மாலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். இஞ்சினைக் கழற்றுவதைப் பற்றி அவர் பேசவேயில்லை. நான்கு பேர் தூக்க வேண்டிய பல்லக்கை மூன்று பேர் தூக்குகிறார்கள், நான்காவது ஆள் யார் என்று முதலில் கண்டுபிடி பாப்பா என்றார்.

கண்டுபிடித்த விதம் இதுதான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காப்பு உறையிட்ட குறடால் நான்கு பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மீண்டும் மாட்டினார். முதல் வயரைப் பிடுங்கியதும் இஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது மட்டும் எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாத ஆளை வெளியே அனுப்பினால் வேலை எப்படிக் குறையும்? ஆக, மூன்றாம் சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மூன்று பிளக்குகளின் நுனி தேநீரில் தோய்த்த பிஸ்கட் நிறத்தில் காய்ந்திருந்தது. மூன்றாம் எண் பிளக் கருத்து, பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வந்திருக்கிறது, எரியவில்லை என்று அதற்குப் பொருள். அந்தப் பிளக்கை முதல் சிலிண்டருக்கும் முதலாவதை இதற்கும் மாற்றிப் போட்டார். குறை பிளக்கோடு போகவில்லை. மூன்றாம் சிலிண்டரிலேயே தங்கியது. பிறகு கம்ப்ரஷன் அளந்தார். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இஞ்சின் முடிந்துவிட்டது என்பது பொய்யென்று அப்போதே தெரிந்துவிட்டது.

இருட்டும்வரை காத்திருந்தோம். வாசல் விளக்கை அணைக்கச் சொல்லி, பானட்டைத் திறந்து, பூச்செடிக்குத் தெளிக்கும் குப்பியால் வயர்களின் மேல் இலேசாகத் தண்ணீர் தெளித்தார். மூன்றாம் வயரிலிருந்து இஞ்சின் உடம்புக்கு நீல நிறத்தில் ஒரு மின்னல் குதித்தது. மறுபடியும் குதித்தது. பிளக்கின் நுனியில் விழவேண்டிய தீப்பொறி வழியிலேயே தப்பித்துப் போய்க்கொண்டிருந்தது. அது எங்களைக் கேலி செய்வதுபோல் இருந்தது, அழகாகவும் இருந்தது. மறுநாள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளேயும் முடியளவு மெல்லிய கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. வயர்கள், மூடி, ரோட்டார் மூன்றையும் மாற்றுவது, வாங்குவதோடு வாங்குவதாக நான்கு புதிய பிளக்குகளும் என்று முடிவாயிற்று.

உதிரிப்பாகக் கடையில் கொடுத்த பிளக் பெட்டியின் மேல் ஒரு முத்திரை இருந்தது. ஒரு வட்டம், அதற்குள் ஆங்கில எழுத்து எச் போன்ற ஒன்று. பெயர் போஷ் என்று தொடங்க, முத்திரையில் மட்டும் ஏன் எச் என்று மாமாவைக் கேட்டேன். முப்பது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், நான் கேட்டதே இல்லை என்றார். பினாங்கு பாயான் லெப்பாஸில் அந்த நிறுவனத்துக்குத் தொழிற்சாலை உண்டு என்பது மட்டும் இருவருக்கும் தெரியும். விடுமுறை முடிந்து வந்ததும் நூலகத்தில் தேடினேன். தேடத் தேட, முத்திரையைவிட அந்த மனிதர் சுவையானவராக இருந்தார்.

ரோபர்ட் போஷ் 1861-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், தென் ஜெர்மனியில் ஊல்ம் நகருக்கு அருகிலுள்ள அல்பெக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராமவர். தந்தையார் விவசாயி, அதோடு வழிப்போக்கர்கள் தங்கும் விடுதி ஒன்றையும் நடத்தினார். புத்தகம் படிக்கும் வழக்கமுடையவர். பிள்ளைகளின் கல்வியில் அக்கறை கொண்டவர். 1869-இல் குடும்பம் ஊல்ம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள பள்ளியில் ரோபர்ட் படித்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் 1876-இல் நுண்கருவித் தொழில் கற்க ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். வயது பதினைந்து.

அந்த மூன்று ஆண்டுகள் அவருக்கு வீணாகத்தான் போயின. முதலாளிக்குக் கற்றுக் கொடுப்பதில் நாட்டமில்லை. பட்டறைப் பக்கமே அதிகம் வரமாட்டார். பையன்கள் தாமாகப் பொறுக்கிக் கொண்டால் உண்டு. போஷ் இதைக் கடைசிவரை மறக்கவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மாமா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவர். ஒரு பட்டறையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் அவர் செய்ததெல்லாம் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவியதும் காப்பி வாங்கி வந்ததும்தான். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றால் போ என்று விரட்டுவார்களாம். கற்றது முழுவதும் களவாகக் கற்றதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியிலும் உலகின் இரு மூலைகளிலும் ஒரே கதையா என்று தோன்றியது.

தொழில் கற்றதும் போஷ் ஊர் ஊராக அலைந்தார். கொலோன், ஹனாவ், நூரெம்பெர்க், ஷ்டுட்கார்ட் என்று பல நகரங்களில் கூலித் தொழிலாளியாக வேலை பார்த்தார். நடுவே ஓராண்டு இராணுவச் சேவை. மின்சாரத்தைப் பற்றித் தமக்கு ஏட்டறிவு போதவில்லை என்று உணர்ந்து, ஷ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சிறிது காலம் வெளி மாணவராகப் பாடம் கேட்டார். பட்டம் வாங்கவில்லை. 1884-இல் கப்பலேறி அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் தாமஸ் எடிசனின் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே தொழிலாளர் இயக்கத்திலும் சேர்ந்தார். ஆனால் வேலை நிலையாக இல்லை. வந்தேறித் தொழிலாளிக்கு அந்நாட்டில் கிடைத்த மரியாதையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு இங்கிலாந்தில் சீமென்ஸ் சகோதரர்களின் நிறுவனத்தில் சில மாதங்கள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

1886-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் ஷ்டுட்கார்ட்டில் ஒரு கட்டடத்தின் பின்பகுதியில் சொந்தப் பட்டறையைத் திறந்தார். வயது இருபத்தைந்து. தந்தையார் விட்டுச்சென்ற பங்கிலிருந்து பத்தாயிரம் மார்க் முதல். ஆட்கள் என்று பார்த்தால் ஒரு தொழிலாளியும் ஓர் எடுபிடிப் பையனும். தொலைபேசி பொருத்துவது, மின்மணி மாட்டுவது, இடிதாங்கியைச் சோதிப்பது என்று வந்த வேலையெல்லாம் செய்தார்கள். முதல் பத்து ஆண்டுகள் பட்டறை ஏறியும் இறங்கியும் தத்தளித்தது. ஆள் சேர்ப்பார், வேலை இல்லாமல் அனுப்புவார். கடன் அடைக்க முடியாதபோது தாயாரிடம் கையேந்தினார். வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்து வருவாராம். பெருநிறுவன முதலாளி என்றதும் கோட்டும் சுருட்டும் நினைவுக்கு வரும் நமக்கு, மிதிவண்டியில் போகும் இந்தக் கடன்கார இளைஞரை நினைத்துப் பார்ப்பது சிரமம்.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிய பொருள் தற்செயலாகக் கைக்கு வந்தது. 1887-இல் ஒரு வாடிக்கையாளர், நிலையாக ஓரிடத்தில் நின்று ஓடும் இஞ்சினுக்குத் தீமூட்டும் கருவி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். டாய்ட்ஸ் நிறுவனத்தின் இஞ்சினில் அப்படியொன்று இருக்கிறது என்றும் சொன்னார். போஷ் நேரில் போய் அதைப் பார்த்தார். காப்புரிமை ஏதும் இல்லை என்பதை உறுதிப்படுத்திக் கொண்டு, அதைத் திருத்தித் தாமே செய்தார். ஆகவே மேக்னெட்டோவைக் கண்டுபிடித்தவர் போஷ் என்று சிலர் எழுதுவது தவறு. அவர் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததை நம்பி வாங்கக்கூடியதாக ஆக்கினார். என் பார்வையில் இது சிறிய காரியமல்ல.

இதன் அருமை விளங்க வேண்டுமானால் அக்காலத்து நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றும் சிலிண்டருக்குள் நெருக்கப்பட்டதும் சரியான நொடியில் அதைப் பற்றவைக்க வேண்டும். முந்தினாலும் கெடுதல், பிந்தினாலும் கெடுதல், பற்றாமலே போனால் என் அப்பாவின் கார். தொடக்கக் காலக் கார்கள் சிலவற்றில் ஒரு சிறு குழாயைத் தீச்சுடரால் எப்போதும் பழுக்கக் காய்ச்சி வைத்திருந்தார்கள். பெட்ரோல் பக்கத்தில் திறந்த நெருப்பு! வேறு சில, மின்கலத்தை நம்பின. அந்த மின்கலமோ பாதி வழியில் தீர்ந்துவிடும். மேக்னெட்டோவுக்கு நெருப்பும் வேண்டாம், மின்கலமும் வேண்டாம். வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே கம்பி சுற்றிய இரும்புத் துண்டு அசையும்போது அதிலேயே மின்சாரம் பிறக்கும். இஞ்சின் சுற்றும்வரை தீப்பொறிக்குப் பஞ்சமில்லை. இதை நான் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் படித்திருந்தேன். பிளக்கை பாலாம் பெஞ்சுசோ என்று மனப்பாடம் செய்து தேர்வில் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது என் வீட்டு வாசலில் நிற்கும் பொருளைப் பற்றியது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

1896-இல் ஆயிரமாவது மேக்னெட்டோ பட்டறையை விட்டுப் போனது. இருந்தும் அவையெல்லாம் மெதுவாக ஓடும் நிலை இஞ்சின்களுக்கானவை. மறு ஆண்டு பிரெடரிக் சிம்ஸ் என்பவர், பிரெஞ்சு நாட்டு டி டியோன் பூட்டோன் மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, இதற்குப் பொருத்த முடியுமா என்று கேட்டார். அதன் இஞ்சின் நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. நான்கு வீச்சு இஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தீப்பொறி வேண்டும். ஆயிரம் சுற்று என்றால் நிமிடத்திற்கு ஐந்நூறு தீப்பொறி! அந்த வேகத்தில் கனமான இரும்புத் துண்டை முன்னும் பின்னும் ஆட்டினால் கருவி சிதறிவிடும். போஷின் பட்டறை மேலாளர் அர்னால்ட் ஸேரிங்கர் ஒரு வழி கண்டார். கனமான துண்டை அசையாமல் நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி இலேசான ஓர் உலோக உறையை மட்டும் ஆட்டினார். காந்தப் புலம் மாறுவதுதானே தேவை, எது அசைந்தால் என்ன? மாமாவிடம் இதைச் சொன்னபோது தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அப்படியும் ஒரு குறை மிஞ்சியது. சிலிண்டருக்குள்ளேயே இரு உலோக முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரிந்துதான் பொறி உண்டாயிற்று. அதை இயக்கும் நெம்புகோல்கள் தேய்ந்தன. ஒவ்வொரு இஞ்சினுக்கும் தனித்தனியே செய்ய வேண்டியிருந்தது. இதைத் தீர்த்தவர் கொட்லோப் ஹோனோல்ட். போஷ் குடும்பத்துக்குப் பழக்கமானவரின் மகன். சிறு வயதில் பட்டறையில் தொழில் கற்றுவிட்டுக் கல்லூரிக்குப் போய், 1901-இல் திரும்பி வந்தார். அதே ஆண்டு இறுதியில் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கிக் காட்டினார். மின்னழுத்தம் போதுமான அளவு உயர்ந்தால் முனைகள் தொடவே வேண்டாம்; இடைவெளியைப் பொறியே தாண்டிக்கொள்ளும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாமல் சிலிண்டரில் திருகிவிடக்கூடிய ஒரு சிறு பொருள் போதும். அதுதான் பிளக். 1902-இல் காப்புரிமை பெற்று விற்பனைக்கு வந்தது. வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் ஒருசேரத் தாங்கும் காப்புப் பொருளுக்காகவும், எரிந்து போகாத முனைக்காகவும் அவர்கள் பட்ட பாடு தனிக் கதை. இன்று நான்கு பிளக்குகளை அட்டைப் பெட்டியில் போட்டு, சில்லறையோடு நம் கையில் தருகிறார்கள்.

மூடியிருந்த கதவு திறந்தது போலாயிற்று. 1903-இல் அயர்லாந்தில் நடந்த கோர்டன் பென்னெட் பந்தயத்தில், சிவப்புத் தாடிக்காரர் கமில் ஜெனாட்ஸி ஓட்டிய மெர்சிடிஸ் வென்றது. அதில் இருந்தது போஷ் தீமூட்டி. விளம்பரங்களில் அவரையே சிவப்புச் சாத்தானாக வரைந்து ஒட்டினார்கள். 1906-இல் நூறாயிரமாவது மேக்னெட்டோ, 1912-இல் பத்து இலட்சமாவது. முதல் உலகப் போருக்கு முன் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி ஜெர்மனிக்கு வெளியிலிருந்தே வந்தது.

பணம் வந்தபின் மனிதர் எப்படி இருந்தார்? 1906-ஆம் ஆண்டிலேயே தம் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் அப்போது பத்து மணி நேரம் சாதாரணம். 1910-இல் சனிக்கிழமைப் பிற்பகல் விடுமுறையாயிற்று. சம்பளமும் மற்ற இடங்களைவிட அதிகம். பிற முதலாளிகள் எரிச்சலோடு அவரைச் சிவப்புப் போஷ் என்றார்கள். இதை வெறும் தர்மம் என்று எண்ண வேண்டாம். எட்டு மணி நேரமாக இரண்டு முறை ஆள் மாற்றினால் விலையுயர்ந்த இயந்திரங்கள் பதினாறு மணி நேரம் ஓடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. சிக்கனத்தில் கெட்டிக்காரர். தரையில் ஒரு காகிதக் கவ்வி கிடந்தால் குனிந்து எடுத்து, அருகிலிருப்பவருக்கு அது யாருடைய பணம் என்று பாடம் நடத்துவார் என்பார்கள். தாம் செய்து கொடுத்த பொருளை யாரேனும் சோதித்துக் குறை கண்டுவிடுவார்களோ என்ற நினைப்பே அவரை வாட்டுமாம்.

1913-இல் அவருடைய தொழிற்சாலையிலேயே வேலைநிறுத்தம் வெடித்தது. நல்லது செய்தவனுக்கு இதுவா என்று மனம் நொந்து, அதுவரை ஒதுங்கியிருந்த முதலாளிகள் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். தொழிலாளர் பக்கம் நின்று பார்த்தால் அவர்களுக்கும் நியாயம் இருந்திருக்கும். நல்ல முதலாளியும் முதலாளிதான். ஆனால் அதே 1913-இல் அவர் செய்த மற்றொன்றை நான் பெரிதாக மதிக்கிறேன். தொழில் கற்கும் பையன்களுக்கென்றே தனிப் பட்டறை ஒன்றைத் தொழிற்சாலைக்குள் அமைத்தார். கற்றுக் கொடுப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். ஊல்ம் நகரில் வீணாய்ப் போன மூன்று ஆண்டுகளை முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வேறு பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றே எனக்குப் படுகிறது.

போர் வந்தது. போர்க்கருவிகளுக்கும் அவருடைய பொருள்கள் போயின. அதில் வந்த இலாபம் அவரை உறுத்தியது. நெக்கார் ஆற்றைக் கப்பல் போக்குவரத்துக்கு ஏற்றதாக்கும் திட்டம் முதலானவற்றுக்குப் பல மில்லியன் மார்க்கைக் கொடுத்துவிட்டார். மறுபுறம், அமெரிக்காவில் அரும்பாடுபட்டு வளர்த்த நிறுவனத்தை எதிரி நாட்டுச் சொத்து என்று அந்த அரசாங்கம் பறித்து விற்றுவிட்டது. காப்புரிமைகளும் பெயரும்கூடக் கைவிட்டுப் போயின. அந்தக் காலத்தில்தான், 1918-இல், ஹோனோல்ட் ஒரு புதிய முத்திரையை வரைந்தார். வட்டத்துக்குள் இருப்பது எச் என்னும் எழுத்தே அல்ல. கம்பி சுற்றும் அந்த இரும்புத் துண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் அது. 1887-இல் போஷ் போய்ப் பார்த்துவந்த மேக்னெட்டோவின் நெஞ்சு என்று சொல்லலாம். மேக்னெட்டோ கார்களிலிருந்து மறைந்து பல காலம் ஆகியும் முத்திரை மட்டும் நிற்கிறது.

1921-இல் ஒரே மகன் ரோபர்ட், நீண்ட நாள் நரம்பு நோயில் கிடந்து இறந்தான். தமக்குப் பின் நிறுவனத்தை நடத்துவான் என்று எதிர்பார்த்த பிள்ளை. 1923-இல் ஹோனோல்டும் மறைந்தார். மனைவி அன்னாவோடு நாற்பது ஆண்டு இல்லறம் இந்தத் துயரத்தில் உடைந்து, 1927-இல் மணமுறிவில் முடிந்தது. அதன்பின் மறுமணம் செய்துகொண்டார்; அறுபது வயதைத் தாண்டி மீண்டும் ஒரு மகனுக்கும் மகளுக்கும் தந்தையானார். தொழிலிலும் அடி விழுந்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் வளர்த்தெடுத்த மின்கலத் தீமூட்டும் முறை மலிவானது. மேக்னெட்டோவை அது ஓரங்கட்டியது. என் அப்பாவின் காரிலுள்ள டிஸ்ட்ரிபியூட்டர் அந்த வழியில் வந்ததுதான். போஷ் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1925-இல் தாமும் அம்முறைக்கு மாறினார். 1927-இல் டீசல் இஞ்சினுக்கான எரிபொருள் பம்பு வந்தது. பின்னர் மின் சுத்தியல், குளிர்பதனப் பெட்டி என்று நிறுவனம் கிளைவிட்டது.

கடைசிக் காலத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. பிரான்ஸோடு ஜெர்மனி நட்பாக வேண்டும், ஐரோப்பா ஒன்றுபட வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவருடைய நிறுவனம் அந்த அரசின் போர்த் தேவைகளுக்குப் பொருள் செய்து கொடுத்தது. போர்க் காலத்தில் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அதன் தொழிற்சாலைகளில் வேலை வாங்கப்பட்டார்கள். அதே வேளையில் போஷும் அவருடைய உதவியாளர் ஹன்ஸ் வால்ஸும் யூதர்கள் தப்பிச் செல்ல இரகசியமாகப் பணம் கொடுத்தார்கள். ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்த கார்ல் கோயர்டெலருக்கு 1937 முதல் ஆலோசகர் என்ற பெயரில் வேலை கொடுத்துப் பாதுகாத்தார்கள். கோயர்டெலருக்கு 1945-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வால்ஸுக்கு 1969-இல் இஸ்ரேலின் யாட் வஷேம் நிறுவனம் சிறப்புச் செய்தது. ஒரு கணக்கு மற்றொன்றைக் கழித்துவிடுமா? நான் கழிக்கவில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

1940-இல் ஷ்டுட்கார்ட்டில் தம் பெயரில் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். 1942 மார்ச் 12-ஆம் நாள் எண்பதாம் வயதில் காலமானார். அவர் வெறுத்த அரசாங்கமே அரசு மரியாதையோடு அவரை அடக்கம் செய்தது. தம் சொத்து பொதுநலனுக்குப் பயன்பட வேண்டும் என்று அவர் எழுதி வைத்ததற்கேற்ப, 1964-இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஓர் அறநிறுவனத்தின் கைக்கு மாறின. இன்றும் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்குகள் அதனிடம்தான் உள்ளன.

இத்தனையும் சேர்த்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமாவிடம் சொன்னேன். முத்திரை எச் இல்லை என்றதும் பழைய பெட்டியைத் தேடி எடுத்து, கண்ணாடி போட்டுப் பார்த்தார். பையன்களுக்கான பட்டறை பற்றிச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. அவரிடம் இப்போது பதினாறு வயதுப் பையன் ஒருவன் வேலைக்கு இருக்கிறான். எங்கள் காரிலிருந்து கழற்றிய மூன்றாம் வயரை மாமா தூக்கிப் போடாமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அதை இறக்கி, ஓட்டை இருந்த இடத்தை அவனிடம் காட்டி, தடவிப் பார் என்றார்.

புதிய வயர்களும் மூடியும் போட்ட அன்றே கார் சீராகிவிட்டது. மொத்தச் செலவு நூற்றைம்பது ரிங்கிட்டைத் தாண்டவில்லை. மாமா கூலி வாங்கவில்லை. அன்று அம்மாவை முன்னால் உட்காரவைத்துக் கடைத்தெருவரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். மேட்டில் ஒரு வெட்டும் இல்லை. அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். முருகனைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கலாமா என்று கேட்டேன். இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பார், மழைக்காலம் போகட்டும் என்றார்.